எந்தக் கேள்விக்கு இந்தச் சோதனை?

ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே பாடப்புத்தகம். மற்றப் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுத்து ஏறவில்லை. இன்னொரு பிள்ளைக்குக் கணக்கு வருகிறது, ஆனால் அதை முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார முடியவில்லை. இவர்களுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர்கள் பழையவை: மக்கு, வாலு, அடங்காதது. அண்மைக் காலத்தில் 'லேட் பிக்கப்' சேர்ந்திருக்கிறது. பெயர் வைப்பது எளிது, காரணம் சொல்வது கடினம். சோம்பலா, வீட்டு நிலைமையா, கற்பித்த முறையா, அல்லது அந்தப் பிள்ளையின் மூளை ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் விதமே வேறா? இதைப் பிரித்தறிய ஒரு கருவி வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் உளவியல் சோதனை பிறந்தது. நூற்றிருபது ஆண்டுகளாக அதற்குப் பல விடைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு விடையும் முந்தையதன் குறையைக் காட்டியபடியே வந்தது.

இந்தக் கேள்வியைக் காரைக்காலிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களால் சூழப்பட்டு, கடலோரத்தில் சுமார் 160 சதுர கிலோமீட்டரில் அடங்கும் ஊர் இது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. பேச்சும் விவசாயமும் காவிரி டெல்டாவைச் சேர்ந்தவை. நிர்வாகம் புதுச்சேரியைச் சேர்ந்தது. பள்ளிகளில் இரண்டு பாடத்திட்டங்கள் நடக்கின்றன. ஒரு பிள்ளையைச் சோதித்து முடிவு சொல்வதில் எங்கெல்லாம் இடறல் வரக்கூடுமோ அவை பலவும் இந்தச் சின்ன நிலப்பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பாரிஸில் பிறந்தது, வேறு வழியில் வந்தது

1904-இல் பிரெஞ்சு அரசின் கல்வி அமைச்சகம் ஒரு குழு அமைத்தது. 1882-இல் தொடக்கக்கல்வி கட்டாயமான பிறகு, வழக்கமான வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது என்பது அதன் பணி. குழுவில் இருந்த ஆல்ஃபிரெட் பினே, மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-இல் முப்பது பணிகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். 1908-இல் அது வயதுவாரியாகத் திருத்தப்பட்டது. அந்த ஆண்டுகளில் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1739-இல் தொடங்கிய அந்த ஆட்சி 1954 நவம்பர் வரை நீடித்தது.

பினேயின் நோக்கத்தை இன்று நினைவில் வைப்பது முக்கியம். யாருக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்று கண்டுபிடிக்கவே அவர் அளவுகோல் செய்தார். அறிவு என்பது பிறப்பிலேயே முத்திரையிட்ட ஓர் அளவு என்ற எண்ணத்தை 1909-இல் எழுதிய நூலில் கடுமையாக மறுத்தார். பயிற்சியால் கவனமும் நினைவும் வளரும் என்பது அவர் நம்பிக்கை. அதற்கான பயிற்சிகளையும் அவரே வகுத்தார். 1911-இல் அவர் இறந்த பிறகு, 1912-இல் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதை உண்மை வயதால் வகுத்து ஓர் ஈவு கண்டார். 1916-இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அந்த ஈவை ஸ்டான்ஃபோர்டு திருத்தத்தில் நிலைநாட்டினார். உதவி தேவைப்படுவோரைத் தேடிய கருவி, மனிதரைத் தரம்பிரிக்கும் எண்ணாக மாறியது இந்த இடைவெளியில்தான். அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திச் சோதித்து 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்திய வரலாறும் இதில் அடக்கம்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலின் பிள்ளைகள் முன் இன்று வைக்கப்படும் சோதனைகள் பாரிஸிலிருந்து நேராக வந்தவை அல்ல. அவை பிரிட்டிஷ் இந்தியா வழியாகச் சுற்றி வந்தன. 1920-களில் லாகூரின் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் ஹெர்பர்ட் ரைஸ் இந்துஸ்தானி மொழியில் பினே சோதனையைத் தழுவினார். கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளுக்காக வி. வி. காமத் தார்வாடில் உருவாக்கியது பினே-காமத் சோதனை. அவருடைய நூல் 1940-இல் வந்தது. டேவிட் வெக்ஸ்லர் 1949-இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான அளவுகோலை நாக்பூரில் ஏ. ஜே. மாலின் தழுவி 1969-இல் இந்தியச் சிறுவர்களுக்கான அளவுகோலாக்கினார். 'மிசிக்' என்று எல்லோரும் சுருக்கிச் சொல்வது இதைத்தான். சொல் சார்ந்த ஆறு பகுதிகள், கையால் செய்து காட்டும் ஐந்து பகுதிகள். 6 முதல் 15 வயதுவரைக்கு. அரை நூற்றாண்டு தாண்டியும் நாட்டின் பல மருத்துவமனைகளில் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு இதில்தான் கணக்கிடப்படுகிறது.

பழைய தராசு

சோதனை மேசையில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் பல விஷயங்கள் தெளியும். செகுவின் பலகை என்று ஒன்று உண்டு. மரப்பலகையில் பத்து வடிவக் குழிகள். வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை என்று பத்து மரக்கட்டைகள். பிள்ளை அவற்றைத் தன் குழிகளில் பொருத்த வேண்டும். மூன்று முறை, மிகக் குறைந்த நேரம் எதுவோ அதுவே கணக்கு. 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகுவின் இதைக் கற்பிக்கும் கருவியாகத்தான் செய்தார். விரல்களும் கண்ணும் சேர்ந்து வேலைசெய்யப் பழக்குவது அவர் எண்ணம். பின்னால் வந்தவர்கள் ஸ்டாப்வாட்சைப் பிடித்து அதை அளவுகோலாக்கினார்கள். கற்பிக்க வந்த ஒரு பொருள் அளக்கும் பொருளானது இந்தத் துறையின் வரலாற்றை ஒரே பலகையில் காட்டிவிடுகிறது.

அடுத்தது எண் தொடர். உளவியலாளர் சீரான வேகத்தில் எண்களைச் சொல்வார். பிள்ளை அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு தலைகீழாக. வேலைநினைவையும் கவனத்தையும் காட்டும் பகுதி என்று இதற்கு மதிப்பு அதிகம். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பதுவரை ஏழைத் தவிர எல்லாமே ஓரசைச் சொற்கள். தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று எல்லாமே குறைந்தது ஈரசை. நாவால் சொல்ல எடுக்கும் நேரம் கூடினால் நினைவில் நிற்கும் எண்களின் தொகை குறையும் என்பது 1975-இலேயே ஆலன் பேட்லி குழுவினர் காட்டிய விளைவு. 1980-இல் வெல்ஷ் மொழி பேசும் பிள்ளைகள் ஆங்கிலப் பிள்ளைகளைவிடக் குறைவாகப் பெற்றதற்குக் காரணம் எண்களின் பெயர் நீளம்தான் என்று எல்லிஸும் ஹென்னலியும் கண்டார்கள். தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னாலும் சரி, தமிழில் சொன்னாலும் சரி, அந்த எண்ணை எந்த மொழிப் பிள்ளைகளின் அட்டவணையோடு ஒப்பிடுகிறோம் என்பது சின்ன விஷயமன்று.

அட்டவணை பழையதாக இருப்பது இன்னொரு சிக்கல். ஒவ்வொரு தலைமுறையிலும் பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் கூடிக்கொண்டே வருகிறது என்று 1980-களில் நியூசிலாந்தின் ஜேம்ஸ் ஃபிளின் காட்டினார். பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளிகள். 1960-களின் பிள்ளைகளை அளவாக வைத்து இன்றைய பிள்ளையை நிறுத்தால் எண் உயர்ந்தே தெரிய வாய்ப்பு. எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. பொது அறிவு, சொற்பொருள் போன்ற பகுதிகள் வீட்டில் புத்தகமும் பேச்சும் இருந்தால்தான் நிரம்பும். பட்டினச்சேரியிலோ கிளிஞ்சல்மேட்டிலோ மீன்பிடிக் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்குக் காற்றும் நீரோட்டமும் தெரிந்திருக்கலாம். அட்டவணை அதைக் கேட்பதில்லை. ஒரு பிழை எண்ணை ஏற்றுகிறது, மற்றது இறக்குகிறது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சமனாகிவிடும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

இடைவெளி என்ற விடை

படிப்பில் பின்தங்கினாலும் அறிவில் குறைவில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மருத்துவம் நெடுங்காலமாகவே கவனித்து வந்தது. 1887-இல் ஜெர்மன் கண் மருத்துவர் ரூடால்ஃப் பெர்லின் 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லைத் தந்தார். அவர் பார்த்தவர்கள் பெரியவர்கள். 1896-இல் இங்கிலாந்தின் பிரிங்கிள் மார்கன், எழுத்தைத் தவிர எல்லாவற்றிலும் கெட்டிக்காரனான 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். 'கற்றல் குறைபாடு' என்ற பொதுச்சொல்லை 1963-இல் சிகாகோ கூட்டத்தில் பெற்றோர்கள் முன் வைத்தவர் சாமுவேல் கர்க்.

இவற்றிலிருந்து கிடைத்த வரையறை எளிமையானது: நுண்ணறிவு எண் நன்றாக இருந்து, படிப்பின் அடைவு மிகக் கீழே இருந்தால் அந்த இடைவெளியே குறைபாடு. 1977-இல் அமெரிக்க விதிகளில் இது இடம்பிடித்தது. கணக்கிட எளிது, நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் பலவீனம் விரைவில் வெளிப்பட்டது. எண் நன்றாக இருந்து படிக்கத் திணறும் பிள்ளைக்கும், எண் குறைந்து படிக்கத் திணறும் பிள்ளைக்கும் படிக்கும்போது தடுமாறும் இடம் ஏறத்தாழ ஒன்றே. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில்தான் இருவரும் இடறுகிறார்கள். லிண்டா சீகல் 1989-இல் இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார். கீத் ஸ்டானோவிச்சும் அதே திசையில் வாதிட்டார். இருவருக்கும் பலன் தரும் கற்பித்தலும் ஒன்றேயென்றால், ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுக்க நியாயம் என்ன? இன்னொரு குறை இதைவிடக் கொடியது: இடைவெளி கணக்கில் தெரியும் அளவுக்கு வளர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். 2004-இல் அமெரிக்கச் சட்டம் இடைவெளிக் கணக்கைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-இன் ஐந்தாம் பதிப்பும் 2013-இல் அதைக் கைவிட்டது.

நம் சட்டம் வேறு காலவரிசையில் நகர்ந்தது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் கற்றல் குறைபாடே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 16-ஆம் பிரிவு அதைச் சிறுவயதிலேயே கண்டறியக் கல்வி நிறுவனங்களைப் பணித்தது. இது பெரிய மாற்றம், எத்தனையோ பெற்றோர்களின் உழைப்பின் பலன். ஆனால் சான்றளிக்க 2018 ஜனவரி 4 அன்று அரசிதழில் வந்த வழிகாட்டுதல்கள், நுண்ணறிவு எண் 85-க்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டமான கற்றல் சோதனைக்குப் போகலாம் என்ற வரிசையை வைத்தன. உலகம் கைவிட்டுக்கொண்டிருந்த தர்க்கம் நம்மிடம் வாசற்படியாக நின்றது. 2024 மார்ச்சில் புதிய வழிகாட்டுதல்கள் வந்துவிட்டன. இருந்தாலும் எண் முதலில், எழுத்து பிறகு என்ற பழக்கம் மருத்துவமனை நடைமுறையில் ஊறியிருக்கிறது.

இந்த வாசற்படியில் சிக்கிக்கொள்வது 70-க்கும் 84-க்கும் இடையில் எண் வந்த பிள்ளைதான். அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்ல எண் அதிகம். அதற்கு 70-க்குக் கீழே வர வேண்டும். கற்றல் குறைபாடு என்று சொல்ல எண் போதாது. பள்ளிகள் 'ஸ்லோ லேர்னர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. மணிவடிவ வளைகோட்டுக் கணக்கில் ஏழு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவான கூட்டம் இது. சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. இத்தனைக்கும் எந்த நுண்ணறிவுச் சோதனையிலும் இருபக்கமும் ஐந்தாறு புள்ளிகள் ஆட்டம் இருப்பது இயல்பு. 84 வந்த பிள்ளைக்கும் 86 வந்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு அன்று காலை சரியாகச் சாப்பிட்டதா என்பதாகக்கூட இருக்கலாம். கருவியால் காட்ட முடியாத ஒரு கோட்டை நிர்வாகம் போட்டுவிட்டு, அதைக் கருவியே போட்டதாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை.

தமிழ் எழுத்து எங்கே தடுக்குகிறது

2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்துக்குப் பிறகு, கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத்தைத் திருப்பிப்போடுவதுதான் டிஸ்லெக்சியா என்று பலரும் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தின் 'பி', 'டி' சிற்றெழுத்துகள் ஒன்றையொன்று திருப்பிப்போட்டவை. தமிழில் அப்படிப்பட்ட இணைகள் இல்லை. அதனால் தமிழ்வழிப் பிள்ளையிடம் அந்த அறிகுறியைத் தேடினால் எதுவும் கிடைக்காது. 'நன்றாகத்தானே எழுதுகிறான்' என்று விட்டுவிடுவார்கள்.

தமிழில் தடுமாற்றம் வேறு இடங்களில் தெரியும். துணைக்கால் விடுபடும், புள்ளி விழாது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும். 'கொ' என்பதைக் கவனியுங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் ககரம். வாயில் முதலில் வருவது ககர ஒலி, கண்ணில் முதலில் படுவது கொம்பு. ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் பிரியும் இந்த இடத்தில் பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அதே ககரம் 'கல்'லில் ஒரு ஒலி, 'தங்க'த்தில் இன்னொன்று, 'அக'த்தில் வேறொன்று. ஆனாலும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்து ஒழுங்கானது. ஒழுங்கான எழுத்துள்ள ஜெர்மன், இத்தாலிய மொழிகளில் படிப்புக் குறைபாடு தவறாகப் படிப்பதில் குறைவாகவும், மெதுவாகப் படிப்பதில் அதிகமாகவும் தெரிகிறது என்பது அங்கு வந்த ஆய்வுகளின் முடிவு. கன்னடப் பள்ளிகளில் சோனாலி நாக் செய்த ஆய்வு, கூட்டெழுத்துகள் முழுவதும் கைவர ஆங்கிலத்தைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக எடுக்கும் என்று 2007-இல் காட்டியது. தமிழுக்கும் இதுபோலவே இருக்கும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. அப்படியானால் பிழைகளை எண்ணும் சோதனையைவிட வேகத்தைப் பார்க்கும் சோதனைதான் தமிழ்ப் பிள்ளையைச் சரியாகப் பிடிக்கும்.

இதோடு பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் 'போறேன்', புத்தகத்தில் 'போகிறேன்'. டெல்டா ஊர்களில் பலர் வாயில் ழகரம் ளகரமாகவே வரும். 'வாளப்பளம்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை 'பளம்' என்று எழுதினால், அது தன் காது சொன்னதைச் சரியாகவே எழுதியிருக்கிறது. சிவப்பு மையால் சுழிக்கப்படும் அந்தப் பிழை குறைபாட்டுக்குச் சான்றன்று. அதே பிள்ளை 'பம்ழ' என்றோ, 'பழ' என்று புள்ளி எழுத்தையே விட்டோ தொடர்ந்து எழுதினால் அதைக் கவனிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்து மதிப்பெண் போடும் சோதனைக்குத் தமிழில் வளர்ந்த அட்டவணை வேண்டும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் 1991-இல் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுத் தொகுப்பு நாடு முழுவதும் சான்றளிக்கப் பயன்படுகிறது. அது வளர்ந்த சூழல் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பள்ளி. மானேசரின் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென்றே செய்த 'டாலி' தொகுப்பு 2015-இல் வந்தபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில் இருந்தது. தமிழ் அந்த நான்கில் இல்லை.

கவனத்துக்குச் சோதனை உண்டா

சுருக்கமாகச் சொன்னால், கவனக்குறைபாடும் மிகையியக்கமும் சேர்ந்த ஏ.டி.எச்.டி.-யைத் தனியாக உறுதிசெய்யும் சோதனை எதுவும் இல்லை. லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902-இல் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியதிலிருந்து பெயர்கள்தான் மாறி வந்திருக்கின்றன. 1980-இல் 'கவனக்குறைபாடு' என்றது டி.எஸ்.எம். கையேடு. 1987-இல் மிகையியக்கமும் பெயரில் சேர்ந்தது. எண்களை அடிக்கச் சொல்லும் தாள்கள், திரையில் குறிப்பிட்ட எழுத்து வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லும் கணினிச் சோதனைகள் எல்லாம் துணைத் தகவல் தரும். கண்டறிதல் நிற்பது பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவங்களிலும், மருத்துவரின் நேர்காணலிலும்தான். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது அறிகுறி தெரிய வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

ஆகவே பதிலளிப்பவரின் அளவுகோல் முக்கியமாகிறது. நெருக்கடியான வகுப்பில் ஆடாமல் அசையாமல் இருப்பதே நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்றால், துறுதுறுப்பும் படிவத்தில் ஏறும்; ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாகக் கனவு காணும் பெண்பிள்ளை ஏறவே மாட்டாள். வயதும் குறுக்கிடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-இல் வந்த ஆய்வு, ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு இந்தக் கண்டறிதல் 30 சதவீதம் கூடுதல், பெண்பிள்ளைகளுக்கு 70 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. பதினொரு மாதம் இளையவர் என்பதே நோயாகப் பட்டிருக்கிறது. கோயம்புத்தூர்த் தொடக்கப்பள்ளிகளில் 2013-இல் வெளியான ஆய்வு 11 சதவீதத்துக்குச் சற்று மேல் என்றது. உலகச் சராசரி என்று பலரும் சொல்வது 5 சதவீதம். இந்த வித்தியாசம் பிள்ளைகளிடமா, படிவத்திலா என்று அந்த எண்களே சொல்லாது.

இன்னொன்று, கவனக்குறைவு தெரியும் பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியவை சாதாரணமானவை: கண் பார்வை, காதில் சீழ், இரத்தச்சோகை, தூக்கம். இவற்றைத் தாண்டிய பிறகே படிவம். இதில் அவசரம் காட்டுவது தவறு. தயங்கித் தயங்கி மருத்துவரிடமே போகாமல் அடியால் திருத்தப் பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு.

காரைக்காலில் இது எப்படி விழுகிறது

2016 சட்டத்தின் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. இல்லை. அதனால் அந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ் வழி மூடியிருக்கிறது. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால்தான் திறக்கும். இரண்டும் சேர்ந்து வருவது அரிதன்று என்றாலும், தேவையை வேறு பெயரில் கேட்க வைக்கும் ஏற்பாடு இது.

சான்றிதழ் கிடைத்தபின்னும் அதன் பயன் பள்ளியைப் பொறுத்தது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24-இல் 6 முதல் 9 வரையிலும் 11-ஆம் வகுப்பிலும் சிபிஎஸ்இ-க்கு மாறின. 2025-இல் அவற்றின் மாணவர்கள் முதன்முறையாக அதன் பொதுத்தேர்வை எழுதினார்கள். அதே ஊரின் தனியார் பள்ளிகள் பலவற்றில் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டமே தொடர்கிறது. சிபிஎஸ்இ-யில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டுக்குப் பதில் ஒரு மொழி. தமிழ்நாட்டு வாரியத்தில் மொழி விலக்கும் கூடுதல் நேரமும் வேறு விதிகளில். ஒரே தெருவில் ஒரே குறைபாடுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான வழிகள். மொழியும் குறுக்கிடுகிறது: தமிழ்வழியில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறிய பிள்ளையின் தடுமாற்றம் குறைபாடா, மாற்றத்தின் அதிர்ச்சியா என்பதை ஆங்கிலச் சோதனை மட்டும் கொண்டு சொல்ல முடியாது. இரண்டு மொழியிலும் சோதித்தால்தான் தெரியும்.

சான்றளிக்கும் வரிசையில் குழந்தை மருத்துவரும், இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவுசெய்த மருத்துவ உளவியலாளரும் வேண்டும். சோதனை ஒரே நாளில் முடிவதில்லை. இரண்டு மூன்று வருகை ஆகும். காரைக்காலிலிருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். தினக்கூலிக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயதுவரை சுமார் 30 நிலைகளைப் பரிசோதிக்கச் சொல்கிறது, பள்ளிப் பிள்ளைகளைப் பள்ளியிலேயே; கற்றல் குறைபாடும் ஏ.டி.எச்.டி.-யும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் இருப்பது முதல் படி. பள்ளியில் பார்த்த பிள்ளை கடைசிவரை வந்து சேர்கிறதா என்பதே கேட்க வேண்டியது. 2016 முதல் காரைக்காலில் ஜிப்மரின் கிளைக் கல்லூரி இயங்குவதால், இந்தத் தூரம் குறைய வழியிருக்கிறது.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு பகுதிகளில் மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. ஒரே கல்வித்துறை மூன்று மொழிப் பிள்ளைகளை ஒரே கருவியால் பார்த்தால் ஏதாவதொரு பகுதி தவறாக அளக்கப்படும்.

சோதனைக்கு முன் கற்பித்தல்

இந்தச் சிக்கல்களையெல்லாம் பார்த்தவர்களில் ஒரு சாரார் சொல்லும் மாற்று வழி: முதலில் எல்லாருக்கும் ஒழுங்காகக் கற்பியுங்கள், திணறுவோருக்குச் சிறு குழுவில் கூடுதலாகக் கற்பியுங்கள், அப்போதும் நகராத பிள்ளையை மட்டும் முழுச் சோதனைக்கு அனுப்புங்கள். பிள்ளை தோற்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது இதன் பலம். நம் சூழலுக்கு இது இன்னும் பொருத்தம். கிராமப்புறங்களில் பிரதம் அமைப்பு எடுக்கும் அசர் ஆய்வில், 2022-இல் தமிழ்நாட்டில் 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 2-ஆம் வகுப்புப் பத்தியைப் படிக்க முடிந்தவர்கள் 100-க்கு 5 பேர்கூட இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடியதன் வடு அது. அரசின் விதிப்படி கற்றல் குறைபாட்டுக்கான முதற்கட்டத் தேடலும் 3-ஆம் வகுப்பில்தான். வகுப்பில் ஏறத்தாழ எல்லாருமே படிக்கத் திணறும்போது, எதிர்பாராத திணறலை எப்படிப் பிரிப்பது? தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. குறைபாட்டைக் கண்டறிய அது வந்ததில்லை. ஆனால் எந்தப் பிள்ளை மொட்டிலேயே நிற்கிறது என்ற தகவல் ஆண்டு முழுக்க ஆசிரியரின் கையில் சேர்கிறது. நுண்ணறிவு எண் தராத தகவல் அது.

இந்த வழிக்கும் எதிர்ப்பு உண்டு, அதை ஒதுக்க முடியாது. நல்ல கற்பித்தல் கிடைக்காத இடத்தில் 'முதலில் கற்பிப்போம்' என்பது தள்ளிப்போடுவதாக முடியலாம். சட்டம் சான்றிதழைக் கேட்கிறது. ஆசிரியரின் நோட்டு சான்றிதழாகாது. வேகமாக உள்வாங்கும் பிள்ளையிடம் உள்ள ஆழ்ந்த டிஸ்லெக்சியா, மனப்பாடத்தால் மறைந்து, ஐந்தாம் ஆறாம் வகுப்பில் பாடம் நீளும்போதுதான் வெளிவரும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விரிவான உளவியல் சோதனை இல்லாமல் வழியில்லை.

தீராமல் இருப்பவை

இத்தனை விடைகளையும் வைத்துப் பார்க்கையில் ஒன்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அடுத்து என்ன கற்பிக்க வேண்டும், யாருக்குச் சலுகை தர வேண்டும், எந்த நிலையை மருத்துவம் பார்க்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளை ஒரே மேசையில் ஒரே எண்ணிடம் கேட்கிறோம். முதலாவதற்கு நுண்ணறிவு ஈவு சொல்வது மிகக் குறைவு. படிக்கும் வேகமும், ஒலிப்பிரிப்பும், பிழைகளின் வகையுமே அதிகம் சொல்கின்றன. இரண்டாவதற்கு அது ஒரு கோடு தருகிறது. அந்தக் கோட்டின் துல்லியம் கருவியிடம் இல்லை. மூன்றாவதற்கு, அறிவுத்திறன் குறைபாட்டைப் பிரித்தறிய, அதற்கு இன்றும் இடமுண்டு. நல்ல உளவியலாளர் கையில் சோதனை இந்த மூன்றையும் தனித்தனியாகவே சொல்லும். ஆகவே சோதனையைத் தூக்கி எறியச் சொல்வோருடன் உடன்பட இயலவில்லை.

இவ்வளவுக்கு மேல் உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. தமிழ்ப் பிள்ளையின் படிக்கும் வேகத்துக்கும் எண்தொடர் நினைவுக்கும் வயதுவாரி அட்டவணை, டெல்டாவுக்கும் நெல்லைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்றாக இருக்க முடியுமா? 70-க்கும் 84-க்கும் இடையில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தால், அது உதவியாகுமா, புதிய முத்திரையாகுமா? ஏ.டி.எச்.டி.-யைப் பட்டியலில் சேர்ப்பதா, அல்லது சான்றிதழ் இல்லாமலே பள்ளி தர வேண்டிய ஏற்பாடாக வைப்பதா? ஒவ்வொன்றிலும் நேர்மையான இரண்டு பக்கங்கள் இருக்கின்றன.

சோதனைக்கு முன் கற்பித்தல் என்ற வழி தமிழில் எவ்வளவு பலிக்கும் என்பதும் இந்த வரிசையில் சேரும். இதை ஆராயக் காரைக்கால் அளவான ஊர்: இரண்டு பாடத்திட்டங்கள் அருகருகே நடக்கின்றன, டெல்டாப் பேச்சுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், மருத்துவக் கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது, அரசுப் பள்ளிகளெல்லாம் ஒரே கல்வித்துறையின்கீழ். 2-ஆம் வகுப்பில் ஓராண்டு கொம்பும் காலும் புள்ளியும் முறையாகச் சொல்லிக்கொடுத்து, வேகத்தை மாதாமாதம் குறித்து, அதற்குப் பிறகும் நகராத பிள்ளைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சோதித்தால், இன்று கற்றல் குறைபாடு என்று எழுதப்படுவதில் எவ்வளவு பிள்ளையிடம் இருக்கிறது, எவ்வளவு வகுப்பறையில் இருக்கிறது என்பது முதன்முறையாக இங்கே எண்ணாகத் தெரியவரும்.